தில்லையடியில் ஓர் அந்தி

புத்தளம் களப்போரத்துத் தில்லையடிக்கு ஒரு மாலை கமராவுடன் சென்றிருந்தோம். மேல்வானம் பொன்னாய்ச் சுடர்ந்தது. கரைத் தோணி நிழலில் ஆழ்ந்திருந்தது. எடுத்த படத்தைத் தோணிக்காரப் பெரியவரிடம் காட்டினோம். “மாஸ்டர், வானம் இருக்கிறது; என் தோணி எங்கே?” என்றார்.

பேரொளியையும் இருளையும் ஒரே படத்துள் அடக்க இயலாமை புகைப்படக் கலையின் பழங்குறை. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கொன்று, வானுக்கொன்று என இரு நெகட்டிவ்களை இணைத்து அதனை வென்றார். இன்று எச்.டி.ஆர். என வழங்கும் முறையும் அவ்வழியதே. மறுநாள் கமராவை அசையாது நிறுத்தி, ஒளியைக் குறைத்தும் அளவாகவும் மிகுத்தும் மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தோம். தோணியின் ஆணிகூடத் தெரிந்தது!

பெரியவர் நகைத்தார். “தோணி வந்துவிட்டது, அந்தியைக் காணோமே!”

நிழலை முற்றும் துடைத்தது நம் பிழை. மூன்றாம் முறை அதனைச் சற்றே விட்டுவைத்தோம். பெரியவர் குறையொன்றும் கூறவில்லை. தமக்கொரு பிரதி வேண்டுமென்றார்.