தாத்தாவின் மொபெட்

புனேக்கு அருகேயுள்ள தேகு ரோட்டில், ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய டி.வி.எஸ். 50 மொபெட் நிற்கிறது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என்ற பெயருடன் 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த வகை அது. புனேயோ லூனாவின் ஊர். 1972-இலேயே லூனா அங்கு வந்துவிட்டது. இருந்தாலும் பெரியவர், சொந்த ஊரில் வாங்கிய வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். தம் மகனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான்.

இப்போது அந்த மகனே வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். காரணம் இல்லாமல் இல்லை. அந்த வண்டியை மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். மிதிக்கும்போது மிதிகட்டைகள் பக்கவாட்டில் ஆடின. சங்கிலி அடிக்கடி கழன்றது. ஒருநாள் கால் வழுக்கிப் பெரியவரின் முழங்காலில் அடிபட்டது.

"ஞாயிற்றுக்கிழமை பங்கார்வாலா வருவார். கொடுத்துவிடுவோம், அப்பா" என்றார் மகன். பழைய இரும்பு வாங்குவோரை அங்கு அப்படித்தான் அழைப்பார்கள். பெரியவர் மறுமொழி கூறவில்லை. சனிக்கிழமை காலையில், ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்தார்.

இரு பக்கத்து மிதிகட்டைகளையும் இணைக்கும் அச்சு, வண்டிச் சட்டத்திலுள்ள குழாய்க்குள் சுழல்கிறது. மிதிகட்டையின் கையை அச்சோடு பிணைத்திருப்பது காட்டர் பின். மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் காக்கும் அச்சாணிக்கு அது தூரத்து உறவு. பெரியவர் நட்டைத் தளர்த்தி, மரையின் நுனியோடு சமமாக நிறுத்தி, மெல்லத் தட்டினார். நட்டை முழுவதும் கழற்றிவிட்டுத் தட்டினால் மரை நசுங்கிவிடும்.

அச்சு வெளியே வந்ததும், குழாயின் இரு முனைகளிலும் இருந்த புஷ்கள் தெரிந்தன. வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவமாக மாறியிருந்தன.

"அச்சு தேயவில்லையே, தாத்தா?" என்று பேத்தி வியந்தாள்.

"புஷ் கன்மெட்டலால் ஆனது, கண்ணு. அச்சைவிட மென்மையானது. இரண்டும் உரசும்போது அதுதான் முதலில் தேயும். அச்சைக் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்."

கடைகளில் அந்த அளவுக்குப் புஷ் கிடைக்கவில்லை. இருவரும் அச்சை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குச் சென்றனர். பட்டறைக்காரர் அச்சை வெர்னியரால் அளந்து, புதிய கன்மெட்டல் தண்டிலிருந்து இரண்டு புஷ்களைக் கடைந்து கொடுத்தார். துளை, அச்சைவிட மயிரிழை அளவே பெரிதாக இருந்தது. கிரீஸ் தங்க அந்த இடம் போதும்.

குழாயை மண்ணெண்ணெயால் கழுவிய பின், பெரியவர் புஷ்களைக் குழாயின் இரு முனைகளிலும் வைத்து, அவற்றின் வழியே ஒரு நீண்ட போல்ட்டைச் செலுத்தினார். வாஷர் வைத்து நட்டை முறுக்க முறுக்க, புஷ்கள் சிறிது சிறிதாக உள்ளே இறங்கின. சுத்தியலால் அடித்து இறக்குவோரும் உண்டு. அது அவசரக்காரர்களின் வேலை. புஷ்ஷின் விளிம்பு நசுங்கினால் அச்சு உள்ளே நுழையாது.

காட்டர் பின்களைச் செருகும் பொறுப்பு பேத்திக்குக் கிடைத்தது. செருகி முடித்து நிமிர்ந்தபோது, மிதிகட்டைகள் ஒரே நேர்க்கோட்டில் நில்லாமல் கோணலாக நின்றன. அவள் முகம் வாடியது.

"நானும் முதல் தடவை இப்படித்தான் மாட்டினேன். ஒரு கை மேலேயும் மறு கை கீழேயும் இருக்கும்போது, இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும்" என்றார் தாத்தா. அவளே ஒன்றைக் கழற்றித் திருப்பிச் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தார். மூன்றாம் மிதியில் இன்ஜின் உயிர்பெற்றது. ஓசை கேட்டு மகன் வெளியே வந்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு, குனிந்து மிதிகட்டையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை. மறுபக்கத்தையும் அசைத்துப் பார்த்தார்.

வாசலில் பங்கார்வாலாவின் குரல் கேட்டது. பழைய செய்தித்தாள்களை மட்டும் எடுத்துச் செல்லுமாறு மகன் அவரிடம் கூறினார்.