செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு

பேத்திக்குக் கொலுசு வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். லீ பஜார் மூட்டை வண்டிகளைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் வெள்ளிப் பட்டறைகள்தான். ஒரு திண்ணையில் நாற்பது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார். ஒரு கால் சூம்பியிருந்தது.

"ரெண்டு வயசுல காய்ச்சல் வந்துச்சுங்க. அதோட சரி. சொட்டு மருந்து மூணு தடவை போட்டோம்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

போட்டுமா வந்தது? அந்தத் தாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. மேல்நாட்டில் மூன்று தவணையில் பலித்த மருந்து நம் குழந்தைகள் எல்லோருக்கும் அப்படிப் பலிப்பதில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே கண்டு சொன்னார். தவணையைக் கூட்டுங்கள், ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் கொடுங்கள், கிருமிக்கு ஒண்ட இடமிருக்காது என்றார். 1980-களில் வேலூரில் செய்தும் காட்டினார்கள். நாடு முழுவதும் வந்ததோ 1995-ல். நல்ல வார்த்தை டில்லி போய்ச் சேர எத்தனை வருஷம் பாருங்கள்! இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி இந்தியாவில் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில்.

அம்மாள் கொலுசை நிறுத்துக் கொடுத்தார். "பாப்பா ஓடுமாங்க?"

"நிற்கவே நிற்காது."

"அப்ப கொக்கியக் கெட்டியா வெச்சுத் தர்றேனுங்க" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.