துடுப்பு போகும் தூரம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த எண்பதுகளில், பையில் காசில்லாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எங்களுக்கு இரண்டே போக்கிடம். ஒன்று நடராசர் கோயில், மற்றொன்று பிச்சாவரம். இரண்டுக்கும் உறவு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான மரம், கோயிலின் தலவிருட்சம், இன்று கூட்டமாக நிற்பது பிச்சாவரத்துக் கழிக்காட்டில்தான்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே 15 கிலோமீட்டர். கிள்ளை வழியாகப் போகும் பஸ்ஸில் மீன்கூடைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்தால், வயல் முடிந்து உப்புக்காற்று முகத்தில் அறையும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் தண்ணீரும் மரமும் கலந்து கிடக்கும். எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ 1975-இல் வந்ததிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கும் அந்தக் காடு பழக்கம். எந்த வாய்க்காலில் எந்தக் காட்சி எடுத்தார்கள் என்று படகுக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். நாங்களும் எல்லாவற்றையும் நம்பினோம்.

எங்களை வழக்கமாக ஏற்றிப்போகும் படகுக்காரர் கிள்ளைப் பக்கத்து ஆள். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். அகலமான கழியில் எங்களைப் பாடவிடுவார், கத்தவிடுவார். படகு சந்துக்குள் திரும்பியதும், “இனிமே வாயைத் தொறக்காதீங்க தம்பி” என்பார். இரண்டு பக்கமும் சுரபுன்னை. கிளையிலிருந்து இறங்கிய வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். தலைக்கு மேலே கிளைகள் கூடிக்கொள்ளும், குனிந்துதான் உட்கார வேண்டும். துடுப்பை வீச இடம் இருக்காது. அண்ணன் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, வேரைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகை நகர்த்துவார். சேற்றில் நண்டு ஓடும் சலசலப்பு வரை காதில் விழும்.

ஒருமுறை வெண்கண்டல் இலை ஒன்றை நீட்டி, நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு! வேர் வழியே ஏறுகிற உப்பை அந்த மரம் இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. உச்சி வெயிலில் பார்த்தால் இலைமேல் பொடிப்பொடியாக மின்னும். சுரபுன்னை வேறு வகை. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். முற்றியது கீழே விழுந்தால் சேற்றில் குத்திட்டு நின்று அங்கேயே வேர்விடும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறொரு கரையில் ஒதுங்கும். தில்லை மரத்தை மட்டும் தொடவிட மாட்டார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருப்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன். வலை கிடையாது. சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலை ஓலைப்பறியில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். எங்களில் ஒருவன் கேமராவைத் தூக்கினான். அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அவங்க வேலை செய்யிற எடம் தம்பி. நாமதான் குறுக்க வந்திருக்கோம்.”

சூழல் காக்கும் சுற்றுலா என்று இன்று எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

குறுக்கே போகிறவர்கள் பார்த்துப் போக வேண்டும் என்பதற்கு அந்தக் காட்டின் வரலாறே சாட்சி. மரங்கள் பட்டுப்போவதற்கு ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி இருந்தது. உண்மையில், வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி எழுபதுகள் வரை, காட்டைக் கூறு போட்டு அடியோடு வெட்டி விற்றது அரசாங்கம்தான். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து உள்வாங்கித் தட்டுபோல் குழிந்தது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்ப வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடல்நீரிலேயே வாழ்கிற மரம்கூட அந்த உப்பைத் தாங்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து தொண்ணூறுகளில் செய்தது எளிமையான வேலை: மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்துபோக வழிசெய்தார்கள். கன்றுகள் பிழைத்துக்கொண்டன.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலுக்கு நேர் எதிரே இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் சின்னாபின்னமானது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அதன்பின் பிச்சாவரத்தின் பேர் எங்கெங்கோ பரவியது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பேர் வந்தால் கூட்டம் வரத்தானே செய்யும்?

பிற்பாடு குடும்பத்தோடு போனபோது விசைப்படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. குறைந்த நேரத்தில் நிறையப் பேரை ஏற்றிச் சுற்றிக்காட்டலாம், வயதானவர்களுக்குச் சௌகரியம். ஆனால் அது அகலமான கழியோடு நின்றுவிடும், சந்துக்குள் நுழையாது. அதன் சத்தத்துக்கு முன்னே கொக்கும் நாரையும் எழுந்து போய்விடும். வேர்ச் சிக்கலில் சிப்ஸ் பாக்கெட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் செருகிக் கிடந்தன. மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒதுங்கி வளர்கிற இடம் அந்த வேர்க்கால்தான். அங்கே குப்பை சேர்ந்தால் நட்டம் பறியைக் கடித்து நிற்கிறவர்களுக்கு.

பிச்சாவரத்துக்கு யாருமே போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த சில்லறையில்தான் அண்ணன் வீட்டு அடுப்பு எரிந்தது. காட்டைக் காட்டிப் பிழைக்க முடிந்தால்தான் காட்டைக் காக்கவும் உள்ளூரில் ஆள் இருப்பார்கள். எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

என்னிடம் வழி கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரே பாட்டுத்தான் பாடுகிறேன். சிதம்பரத்தில் பஸ் ஏறுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். வலசைப் பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். தண்ணீரை வீட்டிலிருந்தே கூஜாவில் கொண்டு போங்கள். துடுப்புப் படகையே கேளுங்கள், நேரமானால் ஆகட்டும். சந்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் படகுக்காரர் முடிவு செய்யட்டும். வற்றம் பார்த்து அவர் படகைத் திருப்பினால், கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்த்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.