சுவரறிந்து கருவி தேர்தல்

மரப்பலகையில் ஆணி அடிப்பதற்குப் பெரும்பயிற்சி வேண்டியதில்லை. சுத்தியல் ஒன்றிருந்தால் சாமி படமும் நாட்காட்டியும் சுவரேறிவிடும். தோட்டத்து லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறையினர்க்குச் சுவர் என்பது அத்துணை இணக்கமான பொருளாக இருந்தது. கற்சுவர் அத்தகையதன்று. ஆணி வளையும், பூச்சு உதிரும், படமோ தரையிலேயே கிடக்கும்.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த ஊர்களுள் ஒன்று டெங்கில். சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றையொட்டி அமைந்த இவ்வூருக்கு அருகில்தான் பெராங் பெசார் ரப்பர்த் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தோற்றுவித்த அத்தோட்டத்தின் மலாய்ப் பெயர் 'பெரும்போர்' எனப் பொருள்படும். 1995இல் அந்நிலத்தில் புத்ராஜெயா நகரின் கட்டுமானம் தொடங்கியது. தலைமுறைகளாக அங்கு உழைத்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அவ்வீடுகளில் தோன்றிய விரிசல்களும், தரைவீடு வேண்டி அம்மக்கள் பல்லாண்டுகள் எழுப்பிய குரலும் நாடறிந்தவை. பலகைச் சுவரிலிருந்து கற்சுவருக்கு வந்தோர், திரைச்சீலைக் கம்பி ஒன்றை மாட்டுவதற்கும் ஆளை அழைத்துக் கூலி தரவேண்டியவராயினர். தம் வீட்டுச் சிறு பணியைத் தாமே செய்துகொள்ள விரும்புவோர் நாடும் கருவியே, மின்கம்பியின்றி மின்கலத்தால் இயங்கும் அதிர்வுத் துளைப்பான். கடைத்தெருவில் அதன் பெயர் டிரில்.

துளையிடும் கருவி தமிழர்க்குப் புதியதன்று. தச்சர் கையாண்ட துரப்பணம், தமரூசி ஆகிய சொற்கள் அகராதிகளில் இன்றும் உள்ளன. கையால் சுழன்ற அக்கருவிக்கு மின்னாற்றல் தந்து, 1895இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையடக்க மின்துளைப்பானை உருவாக்கியது. 1961இல் பிளேக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதனை மின்கம்பியிலிருந்து விடுவித்தது. இடையில், 1958இல் ஆர்தர் ஃபிஷர் என்னும் ஜெர்மானியர் நைலான் சுவர்ச்செருகியைப் படைத்தார். துளைக்குள் விரிந்து திருகாணியை இறுகப் பற்றும் அச்சிறு பொருள் இல்லையேல், சுவரில் இட்ட துளையால் பெரும்பயன் விளையாது.

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணவேண்டியவை ஐந்து என்கிறார். வினை, இடம், கருவி, பொருள், காலம் ஆகிய அவ்வைந்தும் கடையில் டிரில் வாங்க நிற்பவர்க்கும் பொருந்துவனவே.

முதலாவது வினை. சராசரி இல்லத்தில் ஆண்டு முழுவதும் இடப்படும் சுவர்த்துளைகள் மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை ஆறு மில்லிமீட்டர் அளவினவே. எஞ்சிய நாள்களில் அக்கருவி அலமாரிக்கும் கதவுக்கும் திருகாணி முடுக்கும் வேலையையே செய்யும். கட்டடத் தொழிலாளியின் தேவையை மனத்திற்கொண்டு கனத்த கருவியை வாங்குவது வீண்செலவு. உயர்த்திப் பிடித்த கையும் விரைவில் சோர்ந்துவிடும்.

இரண்டாவது இடம், அஃதாவது சுவர். அதிர்வுத் துளைப்பான் செங்கல்லுக்கு ஏற்றது. துளையினின்று சிவந்த துகள் வந்தால் அது சுட்ட செங்கல். சாம்பல்நிறத் துகள் சிமெண்டுக் கல்லையும் குறிக்கலாம், கான்கிரீட்டையும் குறிக்கலாம். அலகு எளிதில் இறங்குகிறதா, தயங்கி நிற்கிறதா என்பதே அவற்றைப் பிரித்தறியும் வழி. தூண், உத்தரம் போன்ற கட்டடத்தைத் தாங்கும் உறுப்புகளையும் விரிசல் கண்ட சுவரையும் அறிந்தவரைக் கேளாமல் துளைத்தலாகாது.

மூன்றாவது கருவி. அதிர்வுத் துளைப்பானுக்குள் பல்வெட்டிய இரு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிறங்குகின்றன. அவ்வசைவு நிமிடத்திற்குப் பல்லாயிரம் சிறு தட்டல்களாக அலகின் நுனியைச் சென்றடைகிறது. கான்கிரீட்டில் நாள்தோறும் பணி செய்வோர்க்கு இது போதாது. காற்றழுத்தத்தால் உந்துதண்டை இயக்கி ஓங்கி அடிக்கும் சுழல்சுத்தியலே அவர்க்குரியது. ஆண்டில் இருமுறை அது தேவைப்பட்டால் வாடகைக்குப் பெறுதல் நன்று. மரத்திற்கும் இரும்புக்கும் தட்டும் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும். பளிங்கோட்டைத் துளைக்கும்போதும் அவ்வாறே செய்தல் வேண்டும். இல்லையேல் ஓடு பிளந்துவிடும்.

பெட்டியின்மீது அச்சிட்ட எண்களிலும் விழிப்புத் தேவை. '18 வோல்ட்', '20 வோல்ட் மேக்ஸ்' எனும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தலா 3.6 வோல்ட் கொண்ட ஐந்து மின்கலங்கள் சேர்ந்து 18 வோல்ட் தருகின்றன. முழுதும் மின்னேற்றிய கணத்தில் அவையே 20ஐத் தொடுகின்றன. பெரிய எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பவர் ஏமாறுகிறார். முறுக்குவிசையின் அளவு திருகாணிக்கு உதவுமேயன்றிச் சுவருக்கு அவ்வளவாக உதவாது. கரித்தூரிகையற்ற மோட்டார் விலையிற் சற்று மிகினும் மின்கலத்தின் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும்.

நான்காவது பொருள். மலிவெனத் தோன்றும் சில கருவிகள் மின்கலமும் மின்னேற்றியும் இன்றி விற்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் மின்கலம் பிறிதொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆதலின் முதற்கருவியை வாங்குபவர் பின்னர் வாங்கப்போகும் கருவிகளின் இனத்தையும் அன்றே முடிவு செய்துவிடுகிறார். கடினக் கார்பைடு நுனி கொண்ட நல்ல அலகுகளுக்கும் சிறிது பணம் ஒதுக்குதல் அறிவுடைமை. மழுங்கிய அலகைப் பூட்டினால் விலையுயர்ந்த கருவியும் பயன்தராது.

ஐந்தாவது காலம். லித்தியம் மின்கலம் வெப்பத்தைப் பொறாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதனை விட்டுவைத்தல் தகாது. முற்றிலும் வறண்ட நிலையில் மாதக்கணக்காக வைத்தாலும் அது கெடும். துளையிடும் வேளையையும் கருத வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீட்டின் அதிர்வு அண்டை வீட்டுக் குழந்தையின் உறக்கத்தையும் கலைக்கும். மின்விசைக்கு நேர்மேலும் நேர்கீழும் மறைந்தோடும் கம்பிகளை நினையாமல் அலகைச் செலுத்துவோர் உயிருக்கே ஊறு நேரலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குக் கவசமும் இன்றி இப்பணியைத் தொடங்கவே கூடாது.

இவ்வைந்தையும் எண்ணிப் பார்த்தபின் ஒருவர் கருவியே வாங்காமல் திரும்பினும் தவறில்லை. ஒரு மாடியில் வாழும் பத்துக் குடும்பங்களுக்குப் பத்துத் துளைப்பான்கள் தேவையில்லை. நல்ல கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி, அதனை இயக்கும் முறையை இளைஞர் இருவர்க்குப் பழக்கினால், அம்மாடியிலுள்ள எல்லா வீடுகளிலும் படங்கள் சுவரேறும்.