முகமாலையில் முடியாத போர்

2000ஆம் ஆண்டு மார்ச் கடைசி. புலிகள் குடாரப்பில் தரையிறங்கி இத்தாவிலில் கண்டி வீதியை மறித்துவிட்டார்கள் என்ற செய்திக்கு முன்பே செல் வந்துவிட்டது. முகமாலை வளவை விட்டு வரணிப் பக்கம் நடந்தோம். அவிழ்த்துவிட்ட மாடுகள் கொஞ்சத் தூரம் பின்னால் வந்து நின்றுவிட்டன. ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை புதிய முன்னரங்கு. அது எங்கள் ஊருக்குள்ளால் போனது.

2002இல் அந்தக் கண்டி வீதி, ஏ9 பாதை, திறந்தபோது பஸ் யன்னலால் ஒருமுறை பார்த்தேன். இராணுவத்தின் சாவடிக்கும் புலிகளின் சாவடிக்கும் நடுவே சூனியப் பிரதேசம், தலை போன பனைகள். இறங்கி நிற்க வழியில்லை. 2006 ஆகஸ்டில் அந்தப் பாதையும் மூடுண்டது.

2009இல் போர் முடிந்தது என்றார்கள். எங்கள் காணிக்குள் முடியவில்லை. பிறகும் பல வருசம் மண்டையோட்டுப் பலகைதான் அதற்குக் காவல். போய்ப் பார்த்தபோது, வெயிலில் முகக்கவசம் போட்ட, மிதிவெடி அகற்றும் பெண்கள் முழங்காலில் இருந்து இரும்பு வாரியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உலோகம் காட்டும் கருவியை மட்டும் நம்ப முடியாதாம். செல் துண்டு எங்கும் கிடப்பதால் அது ஓயாமல் கத்தும். பிளாஸ்டிக் மிதிவெடியில் இரும்போ மிகக் கொஞ்சம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டிக்குள் இருப்பது. பெட்டி உக்கினாலும் வெடிமருந்து உக்காது.

"ஐயா, சிவப்புத் தடிக்கு இங்காலை நில்லுங்கோ" என்றாள் ஒரு பிள்ளை. அவளுடைய தமையன் இந்த முன்னரங்கில்தான் நின்றவன், உடல் வரவில்லை. சீருடைத் துணியோடு எலும்பு தெரிந்தால் வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவிப்பார்களாம். பிறகு நீதிமன்ற உத்தரவோடுதான் தோண்டுவது. "அப்ப என்ன செய்வாய் பிள்ளை?" என்று கேட்டேன். "துணியைப் பாப்பன்" என்றாள்.

ஆனையிறவில், 1991இல் புலிகளின் கவச புல்டோசரைத் தடுத்து இறந்த இராணுவச் சிப்பாய் காமினி குலரத்னவுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்த வண்டியையும் வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நின்று போகும். அவரும் ஒரு தாயின் பிள்ளை. அதில் எனக்குக் கோபமில்லை. துணியைப் பார்த்து ஆளை அறிய வேண்டியவளுக்கு ஒரு கல்கூட இல்லையே என்பதுதான் கோபம். ஒரு பக்கத்துக் கண்ணீரை மட்டும் கணக்கெடுக்கும் அமைதியை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

ஆனாலும் காணி திரும்பக் கிடைத்தது. தென்னம்பிள்ளை வைக்கப் போனால் எல்லைக் கல்லைக் காணவில்லை. பக்கத்துக் காணிக்காரர் கயிறு பிடித்து அளந்து, நான் அரை முழம் உள்ளே வந்துவிட்டேன் என்றார். விடுவேனா? வெயில் ஏறும்வரை சத்தம் போட்டோம். அவருடைய மனைவி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தா. நில அளவையாளர் வரும்வரை அந்த அரை முழத்தில் ஒருவரும் ஒன்றும் நடுவதில்லை என்று பேச்சு.