கோபம் உச்சிக்கு ஏறினால்

கல்யாண வீட்டில் கல்யாணம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது என் சித்தாந்தம். வாழைமரம் வரவில்லை, சமையற்காரர் கேட்ட நெய் போதவில்லை, சம்பந்தி வீட்டார் நம்மை மதிக்கவில்லை. இந்த மூன்றும் அங்கே ஒரே அளவுள்ள ஆபத்துக்களாகத் தோன்றும்.

என் தமக்கையின் விவாகத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஜானவாச ஏற்பாடுகள் எங்கள் அந்தஸ்துக்கு ஏற்றபடி இருக்கட்டும்" என்று அதில் ஒரு வரி. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா வாதாடவில்லை. "அண்ணா, தபால் நாளைக்குப் போகட்டும். மலைக்கோட்டை வரையில் போய் வரலாம், வாருங்கள்" என்றார். நானும் பின்னால் சென்றேன்.

திருச்சி மலைக்கோட்டையின் உயரம் ஏறக்குறைய 270 அடி. தாயுமானவர் சந்நிதி வரையில் அப்பாவின் கோபமும் கூடவே ஏறியது. அதற்குமேல் மூச்சு வாங்கியதால் பேச்சு நின்றது. உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து வடக்கே பார்த்தோம். அம்மா மண்டபத்தில் ஸ்நானம் செய்கிறவனுக்குக் காவேரி ஒன்றுதான் நதி. உச்சியில் நிற்பவனுக்கோ, அதற்கு அப்பால் கொள்ளிடமும், முக்கொம்பில் பிரிந்த அவ்விரண்டின் நடுவே ஸ்ரீரங்கத் தீவும் ஒரே காட்சியாகத் தெரியும்.

"நம் வீடு எங்கே, அண்ணா?" என்று கேட்டார் சித்தப்பா.

அப்பா வெகுநேரம் தேடினார். கூரைகளின் கூட்டத்தில் எங்கள் தெருவே அகப்படவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "குழந்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!"

இறங்கி வந்ததும் கேட்டார். தமக்கை கடிதத்தை வாங்கிக் கடைசி வரியைக் காட்டினாள். "இது அவர் எழுதியது இல்லையே, அப்பா! அவருடைய மாமா அல்லவா கையெழுத்திட்டிருக்கிறார்? அவரையே விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றாள்.

விசாரித்தோம். அப்படி ஒரு கடிதம் போன சமாசாரமே பிள்ளைக்குத் தெரியாது. குறித்த முகூர்த்தத்தில் விவாகம் இனிதே நடந்தது.

நெருக்கடியில் சற்று விலகி நிற்பதைச் சிலர் பொறுப்பிலிருந்து நழுவுவதாக எண்ணுகிறார்கள். நழுவியவன் திரும்பி வருவதில்லை. விலகி நின்றவனோ வேலைக்கே திரும்புகிறான். மலை அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. யாரை முதலில் கேட்க வேண்டும் என்பதை மாத்திரம் நினைவூட்டியது.

எல்லா ஊரிலும் மலை இல்லை என்பது வாஸ்தவமே. மொட்டை மாடிக்குப் படிகள் இருந்தால் போதும். பதில் எழுத எடுத்த பேனாவை மட்டும் கீழேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.