குற்றாலத்தில் குடியேறிய கிராம்பு

தென்காசியைக் கடந்து குற்றாலச் சாலையில் திரும்பியதுமே காற்றின் குணம் மாறிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, வெயிலோடு கலந்த சாரலை ஊரெங்கும் தூவுகிறது. பேரருவியின்கீழ் தலைகொடுத்து நின்று, ஐந்தருவியிலும் ஒருமுறை நனைந்து வெளியே வந்தால் நல்ல பசி எடுக்கும். அப்போது கண்ணில் படுபவை சாலையோரக் கடைகள். மங்குஸ்தான், ரம்புத்தான் பழங்களின் அருகே சிறு பொட்டலங்களில் கிராம்பும் சாதிக்காயும் இருக்கும். இவையாவும் கீழ்த்திசைக் கடல்தாண்டி வந்து நம் மலையில் குடியேறியவை. அவற்றுள் கிராம்பின் வரலாறு கண்ணீர் கலந்தது.

நம் இல்லங்களின் அஞ்சறைப் பெட்டியில் ஆணிபோல் கிடக்கும் கிராம்பு காயுமன்று, விதையுமன்று. மலராமலே பறிக்கப்பட்ட மொட்டு. அம்மரம் இயற்கையாக வளர்ந்தது இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்காஸ் தீவுகளில்தான். தெர்னாத்தே, தீதோரே முதலிய சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகளே அதன் தாயகம். அங்கிருந்து அது கப்பலேறி நெடுங்காலத்திற்கு முன்பே நம் கடற்பகுதிக்கு வந்திருக்கிறது. மன்னாரை அடுத்த மாந்தைத் துறைமுக அகழாய்வில் கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்துக் கிராம்பு கிடைத்துள்ளது. ஆயினும் வந்தது மொட்டுமட்டுமே, மரம் வரவில்லை.

1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1546-இல் இத்தீவுகளையும் சென்றடைந்தார். அம்போயினாவிலும் தெர்னாத்தேயிலும் அவர் போதித்த நாட்களில் போர்த்துக்கீசியர் கிராம்புக்காகவே அங்குக் கோட்டை கட்டியிருந்தனர். பின்வந்த ஒல்லாந்தர் இன்னும் கொடியவர். விலை குறையலாகாது என்பதற்காக, அம்போயினாவையும் அதன் அண்டைத் தீவுகளையும் தவிர மற்ற இடங்களிலிருந்த மரங்களையெல்லாம் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டி வீழ்த்தினர். அந்தப் படகுகளைத் துடுப்பிட்டுச் செலுத்தும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் தீவு மக்களேயாவர். ஏழைகள், தங்கள் இனத்தார் நட்ட மரங்களை வெட்டுவதற்குத் தாங்களே துடுப்புப் போட்டனர்!

அப்படிக் காத்த செல்வமும் நிலைக்கவில்லை. 1770-இல் பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவ்ர் என்பவரின் முயற்சியால் கிராம்புக் கன்றுகள் மொரீசியசுக்குப் போய்ச் சேர்ந்தன. 1796-இல் ஆங்கிலேயர் அம்போயினாவைக் கைப்பற்றவே, கன்றுகள் அவர்கள் கைக்கும் வந்தன. ஏறத்தாழ 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் இந்தியாவின் கிராம்பு வேரூன்றியது. ஏன் குற்றாலம்? ஈரக் காற்று, நீர் தங்காத மலைச்சரிவு, உறைபனி அறியாத இதமான வெப்பம் ஆகிய மூன்றும் தீவை நினைவூட்டும்படி இங்கே பொருந்தியிருந்தன. பின்னர் அது நாகர்கோயில் பக்கத்து மலைகளுக்கும் கேரளத்திற்கும் பரவிற்று. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சாரலுக்கு வருகிறவர்கள் அறுவடையைக் காண்பதில்லை. அது அருவி மெலிந்து, கூட்டம் கலைந்தபின் நடப்பது. நட்டு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தால்தான் மரம் மொட்டுவிடத் தொடங்கும். பச்சை மொட்டு இளஞ்சிவப்பாக மாறும் தருணத்தில், விரிவதற்குமுன், கொத்துக்கொத்தாகக் கையால் பறிக்கவேண்டும். கிளையோ எளிதில் முறியக்கூடியது. ஏணியில் நின்று பறிப்பவரின் உயிர் அந்த ஏணியில்தான் இருக்கிறது. நான்கைந்து நாள் வெயிலில் காய்ந்தபின் எஞ்சுவது பச்சை மொட்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. விலை அதிகம் என்று கடையில் முணுமுணுக்கும் நாம் (நானும் முணுமுணுத்தவனே) இதை எண்ணுவதில்லை.

“எந்த ஊர்க் கிராம்பு, அம்மா?” என்று ஐந்தருவிச் சாலைக் கடையொன்றில் கேட்டேன்.

“நம்ம மலையில வெளைஞ்சதுதான், ஐயா. நகத்தால கிள்ளிப் பாருங்க!” என்றார் மூதாட்டி.

கிள்ளினேன், எண்ணெய் கசிந்தது. வீட்டில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு குவளை நீரில் இட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்தெடுக்கப்பட்ட சக்கையோ படுத்து மிதக்கும். அன்றிரவு தென்காசியில், தங்கியிருந்த வீட்டுக் குழந்தைகள் சூழ்ந்திருக்க, பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக நீரில் போட்டோம். இரண்டைத் தவிர எல்லாம் நிமிர்ந்தே நின்றன.